மண்ணாத்தாளுக்குக் கண் வைத்தவள்

போன வாரம் என் மகன் பக்கத்து வீட்டுப் பையன்மேல் கல்லை விட்டெறிந்துவிட்டான். பம்பரத்துக்காக வந்த சண்டை. கல் புருவத்தில் பட்டது. ஒரு விரல் கீழே இறங்கியிருந்தால் கண் போயிருக்கும். தையலோடு போயிற்றே என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை. அரிசி களையும்போதுகூட அந்தப் பையனின் முகம் வருகிறது. கூடவே, இத்தனை வருஷமாக நினைக்காமலிருந்த இரண்டு சோழிகளும் வருகின்றன.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அறுபதுகளின் தொடக்கம். ஆமத்தூருக்குத் தெற்கே எங்கள் ஊர். மேலத்தெருவிலிருந்த எங்களுக்கெல்லாம் கரிசல் காடு, கீழத்தெருக்காரர்களுக்குச் செம்மண் செவல். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கண்மாய். அதன் மடையை யார் முதலில் திறப்பது என்று முந்தின வருஷம் அடிதடியாகி, இரு தெருவுக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்தது. அம்மன் பொங்கலும் அதோடு நின்றது.

பகை தீர எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. வற்றிய கண்மாய்க்குள் மண்ணாத்தா செய்வார்கள். இரு பக்கத்து வீடுகளும் தங்கள் நிலத்திலிருந்து கூடை கூடையாக மண் கொண்டுவர வேண்டும். பெண்கள் அதைக் குழைத்து, மல்லாந்து படுத்திருக்கும் ஒரு பெண்ணாக வனைந்து, அவள் வயிற்றில் நவதானியம் விதைப்பார்கள். கண்மாய்க்குத் தண்ணீர் வந்ததும் அவள் கரைந்துவிடுவாள். அப்புறம் எது யார் மண் என்று எவராலும் பிரிக்க முடியாது. ஆனால் கண் வைத்தால்தான் அவள் ஆத்தா. வைக்காமல் விட்டால் வெறும் மண்தான், பகையும் அப்படியே கிடக்கும்.

அந்த வருஷம் முன்னின்று செய்தது என் அத்தை. உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்ட அப்பாவின் தங்கை. அவள் போட்ட கோலத்தை மிதிக்க மனசில்லாமல் ஆட்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். கண்ணுக்கான சோழிகளை இருக்கன்குடிக் கோயில் கடையில் அவள் பொறுக்கியபோது நான்தான் கூட இருந்தேன். பாவாடையில் முடிந்து ஊர்வரை கொண்டுவந்ததும் நான்தான். ஆகவே கண் வைக்கப்போவதும் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தேன்.

அன்று அத்தை பிள்ளைகளுக்கு வேலை பிரித்தாள். எனக்குக் கால் விரல்கள். சோழிகளை ஒரு கீழத்தெருப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். அவளுக்கும் என் வயதுதான். அவளுடைய அப்பாவுக்கு ஒரு கண் கிடையாது. பட்டாசுக் கம்பெனியில் மருந்து பட்டுப் போய்விட்டதாக எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்குச் சடைகூட நேராகப் பின்னியிருக்கவில்லை. மூக்கை வேறு உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அத்தையிடம் போய் நின்றேன்.

"கால் இல்லாம ஆத்தா எங்கிட்டு எந்திரிச்சு வருவா? போ, நல்லா உருட்டு" என்றாள் அத்தை, என் முகத்தைப் பார்க்காமல்.

அதற்குள் அத்தை மகன் எனக்குப் பேர் வைத்துவிட்டான். "ஏ கால்விரலு, சுண்டுவிரல் அம்புட்டுப் பெருசா இருக்கே. ஆத்தா நொண்டப் போறா."

ஆத்திரத்தில் ஒவ்வொரு விரலுக்கும் நகம் கீறினேன். கண் மட்டும் அந்தப் பெண்ணின் கையிலேயே இருந்தது. கண்மாய்த் தரை முழுக்க வெடிப்பு. ஒன்றில் அந்தச் சோழிகள் விழுந்து தொலையாதா என்று ஆத்தாவிடமே வேண்டிக்கொண்டேன். ஆத்தாவுக்கு இன்னும் காது வைக்கவில்லையோ என்னவோ, கேட்கவில்லை.

வெயில் தாழ இரண்டு தெருவும் வந்து நடுவில் இடம்விட்டு எதிரெதிரே நின்றன. கரிசலில் கூந்தல், செவலில் முகம். அத்தை தலையசைத்ததும் அந்தப் பெண் மண்டியிட்டு ஒரு கண்ணை வைத்தாள். இன்னொன்றை வைக்கவில்லை. சோழியைப் பொத்திக்கொண்டு தன் அப்பாவையே பார்த்தாள். அவர் துண்டால் முகத்தின் ஒரு பக்கத்தை மறைத்தபடி நின்றார். இரண்டு கண்ணைச் சேர்ந்தாற்போல் வைக்கத் தெரியாதவளிடம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அப்போது எங்கள் பக்கத்திலிருந்து அப்பா நடந்து போனார். யார் முன்னாலும் இறங்காத தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த மனிதரின் எதிரே தலைகுனிந்து நின்றார். அவர் அப்பாவை வெகுநேரம் பார்த்தார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"வச்சிரு தாயி. ஆத்தாவும் ஒத்தக் கண்ணோட கெடக்க வேண்டாம்."

அவள் வைத்தாள். குலவைச் சத்தம் கரைமேல் மோதித் திரும்பியது. அப்பா குனிந்து அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்தார். என் தலையில் ஊரறிய அவர் ஒருநாளும் அப்படி வைத்ததில்லை. என் விரல்களின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அது பட்டாசு மருந்து இல்லை என்று என் கல்யாணத்துக்குப் பிறகுதான் அம்மா சொன்னாள். மடைச் சண்டையில் அப்பா எறிந்த கல். போலீஸ் ஊருக்குள் வரக் கூடாதென்று இரண்டு தெருவும் சேர்ந்து பழியைப் பட்டாசின்மேல் போட்டிருக்கின்றன. பேச்சு அற்றுப்போன பிறகும் அந்த ஒரு பொய்யில் மட்டும் ஒற்றுமையாக இருந்திருக்கிறார்கள்.

கண் வைத்த அன்று கரையேறும்போது, பிடித்துக்கொள்ளச் சொல்லி அப்பா என்னிடம் கையை நீட்டினார். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஏன் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணைத் தொட்ட கை என்பது மட்டும்தான் தெரிந்தது. பிடிக்காமல் முன்னால் நடந்தேன்.