தண்ணீருக்கு முன் தாழ்ப்பாள்

ராத்திரியில் வெளியே குழந்தை அழுதால் பூனையோ என்று எழுந்து உட்காருவதும், பூனை கத்தினால் பதறிப்போய்த் தொட்டிலைத் தடவுவதும் பூனை குளிப்பாட்டுகிறவளுக்கு வரும் தொழில் நோய். இப்போதும் கேட்கிறது. ஜன்னலுக்குக் கீழே, இழுத்து இழுத்து, பசித்த பிள்ளை மாதிரி. பாப்பாவின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். தூங்குகிறாள். அப்படியானால் வெளியே இருப்பது பூனைதான். பூனையாகத்தான் இருக்க வேண்டும். இனிமேல் தூக்கம் வராது, எழுதுகிறேன்.

திருத்தணியில், ரயில் லைனுக்கு இந்தப் பக்கம் ஒரு வாடகை வீடு. அதன் குளியலறைதான் என் கடை. ஊரார் வளர்க்கும் பூனைகளைக் குளிப்பாட்டி, சிக்கெடுத்து, நகம் வெட்டி அனுப்புகிறேன். என் வீட்டுக்காரருக்குப் புனேயில் வேலை. வீட்டில் பாப்பாவும் நானும் மட்டும். ராத்திரியில் பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாளே பொதட்டூர்பேட்டையிலிருந்து மாமியார் வண்டி வைத்துக்கொண்டு வந்துவிடுவார். "பூன முடி கொழந்த தொண்டைல போவும்" என்று எப்போதோ தீர்ப்புச் சொன்னவர். அங்கே போய்விட்டால் இந்தத் தொழில் அவ்வளவுதான். அதனால் யாரிடமும் சொல்வதில்லை.

வாசல் கதவுக்குத் தாழ்ப்பாளும் போடுவதில்லை. போட்டுக்கொண்டு உள்ளே எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாப்பாவிடம் யார் வர முடியும்? போடாவிட்டால் யார் வேண்டுமானாலும் வரலாம். ஆகவே கதவைச் சாத்தி, பூனைத் தொட்டியை முட்டுக் கொடுத்துவிட்டு விழித்திருக்கிறேன். கைப்பிள்ளையோடு தனியாக இருப்பவர்களே, முழங்கை வரை கீறல் வாங்கியவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிள்ளை மாற்று

என் கடையில் ஒரு நிபந்தனை உண்டு. உங்கள் பூனை என் கையில் இருக்கும் வரை என் பாப்பா உங்கள் கையில் இருக்க வேண்டும். வேறு யார் பார்த்துக்கொள்வார்கள்? குளியலறைக்குள் போனதும் முதல் வேலை உள்தாழ்ப்பாள். தண்ணீர் மொள்வதே அதற்குப் பிறகுதான். ஆரம்பத்தில் ஒருநாள் இதை மறந்தேன். நுரையோடு ஓடிய வெள்ளைப் பூனை பக்கத்து வீட்டுப் பூஜை அலமாரியில் ஏறி, முருகன் படத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் ரிப்பேர் செய்யும் தம்பி ஒருவன், ஒரு செவலைப் பூனையைக் கொண்டுவந்தான். தொட்டியில் பழைய துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீரைக் கழுத்துக்குக் கீழே மட்டும் ஊற்றி, முகத்தை ஈரத்துணியால் துடைத்தேன். பூனை ஒரு சத்தம் போடவில்லை. வெளியே பாப்பா ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் கதவைத் திறந்தபோது தம்பியின் சட்டைப் பொத்தான் ஒன்று பிய்ந்திருந்தது. கன்னத்தில் நகக்கீறல் வேறு. பாப்பாவை என்னிடம் நீட்டியபடி சொன்னான்: "அக்கா, நகம் வெட்றதுன்னா மொதல்ல இதுக்கு வெட்டுங்க."

இங்கிலீஷ்

பயந்தால் எனக்கு இங்கிலீஷ் வந்துவிடும். கான்வென்டில் சிஸ்டர்கள் கொடுத்த பழக்கம். இருட்டு வராந்தாவில் போகும்போது மெல்லிய குரலில் இங்கிலீஷில் ஜெபம் சொல்லிக்கொண்டே போகச் சொல்வார்கள். ஒரு முரட்டுக் கடுவன் பல்லைக் காட்டியபோது, "குட் பாய், ப்ளீஸ், ஒன் மினிட்" என்று கெஞ்சிக்கொண்டே குளிப்பாட்டி முடித்தேன். கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அதன் சொந்தக்காரர் நகரியிலிருந்து வந்தவர். மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "ஏங்க, வூட்ல நாங்க தெலுங்குதானே பேசறோம், அதுக்கு எப்பிடிங்க புரிஞ்சிச்சு?"

சத்தம்

எந்தப் பூனைக்கும் ட்ரையர் ஆகாது. 'உஸ்' என்றதும் சுவரில் ஏறும். அம்மையார்குப்பத்திலிருந்து வந்த சாம்பல் பூனை மட்டும் ட்ரையரைப் போட்டதும் என் மடியில் சுருண்டு தூங்கிப்போனது. அணைத்தேன், விழித்துக்கொண்டு அலறியது. மறுபடி போட்டேன், தூங்கியது.

"தறிக்குக் கீழதாம்மா பொறந்துச்சி" என்றார் அதை வளர்க்கும் பவர்லூம்காரர். "கரண்டு போயி தறி நின்னாதான் இதுக்குப் பயம். எங்கூட்டுக்காரிக்கும் அதே கதைதான்."

அன்றைக்கு வேறு பூனைகள் இல்லை. பாப்பா அவர் தோளில் தூங்கியிருந்தாள். என்னிடம் கொடுக்கும்போது அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மின்விசிறி கூட ஓடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "இவ்ளோ அமைதியா கீற வூட்ல எப்பிடிம்மா தூங்கறீங்க?"

வேண்டுதல்

மலையில் முடி கொடுத்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார்கள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். புருஷனுக்குத் தலை, மீசை இரண்டும் வழித்து, சந்தனம் பூசியிருந்தது. அந்த அம்மாவின் கையில் ஒரு பெர்சியன் பூனை; முதுகெல்லாம் சடை, சீப்பு இறங்காது. பூனை சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தபோது, பிழைத்தால் அதற்கும் சேர்த்து முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டார்களாம். மலையில் மொட்டை போடுகிறவர் சிரித்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம். சடை விழுந்த பூனைக்கு எப்படியும் மெஷின் போட்டுத்தான் ஆக வேண்டும். போட்டேன். அந்த முடியை மஞ்சள் துணியில் பயபக்தியோடு கட்டிக்கொண்டார்கள்.

"மீசைய வுட்டுட்டீங்களே? பாவாவுக்கு எடுத்தாங்களே?" என்று புருஷனைக் காட்டினார் அம்மா. மீசை இல்லாவிட்டால் பூனைக்கு இருட்டில் வழி தெரியாது என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் ஒருவாறு சமாதானமாகி, பையிலிருந்து சந்தனத்தை எடுத்துப் பூனையின் முதுகு முழுக்கப் பூசினார். பூனை கழுத்தை வளைத்து நிதானமாக அத்தனையையும் நக்கத் தொடங்கியது. வேண்டுதல் செல்லாமல் போய்விடுமோ என்று அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே புருஷன் தீர்த்துவைத்தார்: "துன்னுட்டுப் போவட்டும் வுடு, பிரசாதந்தானே."

அவர்கள் தெருமுனை திரும்பும் வரை சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே வந்து, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பாப்பாவிடம் சொன்னேன்.

துணை

புனேயிலிருந்து போனில் என் முகத்தைப் பார்த்த அவர், "கண்ணு ஏன் இப்படி உள்ள போயிருக்குது? தூங்கறியா இல்லியா?" என்று கேட்டார். பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது என்றேன். அது பொய்யில்லை. "பயமா ஏதாச்சும் இருக்குதா? இருந்தா சொல்லு, அம்மா வந்து இட்டுகினு போவாங்க." இல்லவே இல்லை என்றேன், சிஸ்டர்களிடம் வீட்டுப்பாடம் முடித்ததாகச் சொல்லும் அதே குரலில்.

எங்கள் வீட்டில் பூனை கிடையாது. வருவதெல்லாம் குளித்து, காய்ந்து, மணத்தோடு சாயங்காலம் அவரவர் வீட்டுக்குப் போய்விடும். இருட்டிய பிறகு மிச்சமிருப்பது சட்டையில் ஒட்டிய முடிதான். இது அவருக்குத் தெரியும். ஆனாலும் போனை வைக்கும்போது சந்தோஷமாகச் சொன்னார்: "ஊர்ப் பூனையெல்லாம் உங்கூட கீது, உனக்கு இன்னா பயம்?"

கதவுக்கு அந்தப் பக்கம்

இன்று சாயங்காலம் பக்கத்துத் தெருக் கமலாக்கா வந்தார். அவர் புருஷன் மலைக்கோயில் மடப்பள்ளியில் சமையல். தலைமுறை தலைமுறையாக அதே அடுப்பு. அவர்கள் வீட்டுப் பூனை நல்லெண்ணெய்த் தூக்குக்குள் சறுக்கி விழுந்திருந்தது. கடலைமாவைத் தூவித் துடைத்துத் துடைத்து எண்ணெயை எடுத்துவிட்டுக் குளிப்பாட்டினேன். அக்கா வெளியே பாப்பாவை வைத்துக்கொண்டு உலாத்தினார்.

"ஏம்மா, பாத்ரூமுக்குத் தாப்பா போட்டுகினியா?" என்றார் வெளியிலிருந்து.

"ஆங், அக்கா. தண்ணிக்கு முன்னாடி தாப்பா. இல்லன்னா ஓடிடும்."

"வாசக்கதவு தாப்பாள்ல எட்டுக்கால்பூச்சி கூடு கட்டிகினு கீதே. அத போடறதே இல்லியா?"

பள்ளிக்கூடத்துச் சேப்பலில் பாவம் சொல்லும் கூண்டு ஒன்று உண்டு. நடுவில் ஒரு தடுப்பு. கேட்பவர் முகம் தெரியாது. நாங்கள் விளையாட்டாக அதில் ஒளிந்துகொள்வோம். எதற்கு அந்தத் தடுப்பு என்று இன்றைக்குத்தான் புரிந்தது. ஈரப் பூனையைப் பிடித்துக்கொண்டு, கதவைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தொட்டி முட்டுக்கொடுப்பது, தூங்காதது, எனக்கு ஏதாவது ஆகி பாப்பா உள்ளே மாட்டிக்கொள்வாளோ என்கிற நினைப்பு, எல்லாம்.  சொன்ன பிறகுதான், தப்போ என்று தோன்றியது.

பூனையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். "எங்க மாமியாருக்குச் சொல்லிடாதீங்க அக்கா."

"நான் ஏன்டி சொல்லப்போறேன்? அவங்க உன்ன இட்டுகினு போயிட்டா இந்த எண்ணெய்ச் சட்டிய யாரு கழுவறது?" என்றார், துண்டிலிருந்த பூனையைக் காட்டி. பிறகு பாப்பாவை மாற்றிக்கொள்ளாமலே, அவளைத் தட்டிக்கொண்டே பேசினார். "எங்கூட்டுக்காரரு விடியறதுக்கு முன்ன இந்தத் தெருவுலதான் வண்டில போறாரு. உன் வூட்டாண்ட நின்னு ஹாரன் அடிப்பாரு. நீ எழுந்து வர வேணாம், பேச வேணாம். படுத்த எடத்துல இருந்து லைட்டப் போட்டு அணை, போதும். ஆங், அவ கீறான்னு அவரு போயிடுவாரு."

"லைட்டு எரியலன்னா?"

அக்கா என் வாசல் கதவை ஏற இறங்கப் பார்த்தார். "அண்டா தூக்கற கைடி அது. இந்தக் கதவுக்கு எத்தினி ஒதை வேணும்? நீ தாப்பாப் போட்டுகினு தூங்கு, ஒடைக்கிறதுக்கு நாங்க கீறோம்."

இதோ, எழுந்துபோய்த் தொட்டியை நகர்த்திவிட்டேன். பூச்சிக்கூட்டைத் துடைத்தேன். துருப்பிடித்த தாழ்ப்பாள் அசையவில்லை. பாப்பாவின் தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டு, முன்னும் பின்னும் ஆட்டி, உள்ளங்கையால் தள்ளினேன். ஏறியது.

எத்தனையோ பூனைகளுக்குத் தானாகத் தாழ்ப்பாள் போட்ட கைதான், ஆனால் தனக்கென்று ஒன்று போட்டுக்கொள்ள, கதவை உடைப்பதாக யாராவது வாக்குக் கொடுக்கும் வரை அது காத்திருந்தது.