தொட்டியில்லாக் கீசருக்கு ஒரு தொட்டி

லெஸ்டரில் தினமும் குளிக்கிறவர்களை நோயாளிகள் என்றே நினைக்கிறார்கள். நாங்கள் முதலில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் மிஸஸ் ஹாலிஸ் நல்ல மனுஷி. கணவர் இறந்த பிறகு மாடியறைகளை வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழே தனியாக இருந்தார். காலையில் நான் துண்டோடு குளியலறைப் பக்கம் போவதைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது உடம்பு தேவலையா என்று விசாரிப்பார். அவருக்குக் குளியல் சனிக்கிழமை மட்டும்தான். ஒரு வெள்ளிக்கிழமை தலை நிறைய எண்ணெயோடு படியில் அவர் எதிரே மாட்டிக்கொண்டேன். என்ன ஆயிற்று என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் 'ஹெட் பாத்' என்றேன். அவர் காதில் அது 'பேட் ஹெட்' என்று விழுந்திருக்கிறது. குளித்துவிட்டு வந்து பார்த்தால், அறை வாசலில் ஒரு சாசரில் இரண்டு ஆஸ்பிரின் மாத்திரைகள். அடுத்த வெள்ளிக்கிழமையும் இரண்டு. வாரம் தவறாமல் தலைவலி வருகிற இந்தியப் பெண் என்று அந்தத் தெருவே எனக்காக வருத்தப்பட்டது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

கீசர் என்ற பெட்டியை நான் முதலில் பார்த்தது அந்தக் குளியலறையில்தான். நீங்கள் மெட்ராசில் பணக்கார வீடுகளில் பார்த்திருக்கக்கூடிய, பீப்பாய் மாதிரி தண்ணீரைச் சேர்த்து வைத்துச் சுடவைக்கும் கீசர் இல்லை இது. இதற்குத் தொட்டியே கிடையாது. சுவரில் வெள்ளை எனாமல் பூசிய ஒரு பெட்டி. உள்ளே ஒரு சின்னச் சுடர் தூண்டாமணி விளக்குபோல எரிந்துகொண்டிருக்கும். குழாயைத் திறந்தால் 'டப்' என்று கேஸ் முழுவதும் பற்றிக்கொள்ளும். ஒருபக்கம் பச்சைத் தண்ணீராக நுழைவது மறுபக்கம் வெந்நீராக விழும். முதல் நாள் அந்தச் சத்தத்துக்குப் பயந்து நான் துண்டோடு படியில் பாதி தூரம் ஓடிவந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே காஞ்சிபுரத்துக்குக் கடிதம் எழுதினேன். என் அண்ணன் தணிகாசலம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். பகலெல்லாம் கொதிக்கிற கொப்பரைகளுக்கு நடுவே நின்றுவிட்டு, முழங்கை வரை அரக்கும் கிளிப்பச்சையுமாக வீட்டுக்கு வருவார். அந்தக் கறை போகத் தேய்த்துக் குளிக்க அவருக்கு வெந்நீர் வேண்டும். அண்ணி சரோஜா கொல்லையில் விறகடுப்பு மூட்டிக் காய்ச்சி வைப்பார். ஆகவே, அண்ணனுக்கு எழுத வெந்நீரைவிட நல்ல விஷயம் எனக்குக் கிடைக்கவில்லை. நாலு பக்கம் எழுதினேன். தொட்டி இல்லை, விறகு இல்லை, புகை இல்லை, காத்திருக்க வேண்டியதில்லை. குழாயைத் திருகினால் ஆவி பறக்கக் கொட்டுகிறது என்று எழுதினேன்.

எழுதியது எல்லாம் நிஜம். அதற்குப் பிறகு போட்ட கடிதங்களில் எழுதாமல் விட்டதும் உண்டு. நான் தலையில் சீயக்காயோடு நிற்கும்போது மிஸஸ் ஹாலிஸ் கீழே பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தால் மேலே எனக்கு ஐஸ் தண்ணீர் விழும். காற்றடித்தால் அந்தச் சின்னச் சுடர் அணைந்துவிடும். எங்கள் முதல் குளிர்காலத்தில் அது ஒரேயடியாகக் கெட்டுப்போனது. பழுது பார்க்கிறவர் வரும்வரை ஏழு வாரம், சமையலறையில் கெட்டில் கெட்டிலாகக் கொதிக்கவைத்து நானும் என் கணவரும் மாடிக்குத் தூக்கிப்போனோம். மேலே போய்ச் சேர்வதற்குள் பாதி ஆறியிருக்கும். மீதிப் பாதியில் ஒருவர்தான் குளிக்கலாம். சாக்ஸ் நெய்யும் ஆலையில் மெக்கானிக் வேலை முடித்து எண்ணெய்க் கறையோடு வருகிற அவருக்கே அதை விட்டுக்கொடுத்துவிட்டு, நான் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு படுத்த நாட்கள் பல. என்னைக் கப்பல் ஏற்றிவிட வந்து, கடைசி வரை அழாமல் நின்ற அண்ணனுக்கு இதையெல்லாம் எப்படி எழுதுவது?

சில வருடங்கள் போயின. அண்ணன் ஊரின் தெற்குக் கோடியில், செவிலிமேட்டில், பாலாற்றுப் பக்கமாகப் புதிதாக வீடு கட்டினார். காற்று நன்றாக வரும் என்று காரணம் எழுதியிருந்தார். கடிதத்தின் கடைசியில், நான் ஊருக்கு வரும்போது அந்தத் தொட்டியில்லாக் கீசர் ஒன்று எடுத்துவர முடியுமா என்று கேட்டிருந்தார். அண்ணன் எதையும் கேட்கிறவர் இல்லை. புது வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் பெருமை தலைக்கேறிவிட்டது என்று நானும் என் கணவரும் சிரித்தோம். அங்கே குழாயில் கேஸ் வராது என்பதால் கரண்டில் ஓடுகிற ஒன்றாகப் பார்த்து வாங்கினார் என் கணவர். இரண்டு பேருடைய குளிர்கால கோட்டுச் செலவை அது விழுங்கியது. மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரேடியோவா என்று கேட்டார். வெந்நீர் போடுவது என்றேன். சித்திரை வெயிலில் அவர் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே, போங்கம்மா என்று விட்டுவிட்டார்.

செவிலிமேட்டு வீட்டின் மொட்டைமாடியில் பிள்ளையார் கோயில் மாதிரி ஒரு கட்டடம் தெரிந்தது. என்ன என்று கேட்டேன்.

"தொட்டிமா" என்றார் அண்ணன். "மேல இருந்து தண்ணி வேகமா எறங்குனாத்தான் உன் கீசர் வேல செய்யுமாம். ஒயர்மேன் சொன்னான்."

தொட்டி வேண்டாத கீசருக்காகத் தொட்டி கட்டியிருந்தார். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றக் கிணற்றில் மோட்டார் போட்டிருந்தார். மோட்டாருக்கும் கீசருக்கும் என்று தனி ஒயர் இழுத்திருந்தார். மறுநாள் பத்து மணிக்கு நல்ல நேரம் பார்த்துக் கீசருக்குக் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார். சுவிட்சைப் போடுவதற்கு முன்பு, சும்மா தண்ணீர் வருகிறதா என்று பார்க்க நான் குழாயைத் திறந்து கையை நீட்டினேன், சுட்டுவிட்டது. காலை வெயிலிலேயே மாடித்தொட்டி கீசரின் வேலையை முடித்துவைத்திருந்தது. அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் வெயில் தணிந்த பிறகு, தொட்டியைக் காலிசெய்து கிணற்றிலிருந்து புதுத் தண்ணீர் ஏற்றி மறுபடி போட்டுப் பார்த்தோம். சுவிட்சைப் போட்டதும் கூடத்து பல்பு கனிந்த பழம்போல மஞ்சளாகிவிட்டது. பக்கத்து வீட்டு ரேடியோ ராகத்தை இழுத்து இழுத்து ஓய்ந்தது. அந்த வீட்டுக்காரர் சுவரின் மேல் தலையை நீட்டி, தணிகாசலம் குளிக்கிறாரா என்று மரியாதையாக விசாரித்தார். அந்த வாரம் முழுக்க, விளக்கு மங்கினால் தெருவில் இதே பேச்சு. இவ்வளவுக்கும் கீசரில் வந்தது வெதுவெதுப்பான தண்ணீர்தான். பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த விறகடுப்பைக் கொல்லையில் மூட்டலாம் என்று அண்ணி சிராய்களைப் பொறுக்கினார். அண்ணன் அதைப் பிடுங்கி எறிந்தார்.

"இந்த ஊட்ல அடுப்பு எரியக்கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

அவர் அண்ணியிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நான் விளையாட்டாகச் சிரித்துக்கொண்டிருந்த முகத்தோடு அப்படியே நின்றேன். பிறகு அண்ணியைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அவர் முதலில் பேச்சை மாற்றினார். அப்புறம் சொன்னார். அதற்கும் முந்தைய வருடத்து மார்கழியில், பிள்ளையார்பாளையத்து வீட்டில், ஈர விறகை ஊதிக்கொண்டிருக்கும்போது மூச்சு அடைத்துக் கீழே விழுந்துவிட்டார். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். புகைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீடு மாறியது சாயக் கொப்பரைப் புகையிலிருந்து தூரமாகப் போவதற்கு. சமையலுக்கு ஸ்டவ் வந்ததும் அதற்குத்தான். கீசரும் அதற்குத்தான்.

"நீ அங்க தனியா கெடக்குற. எழுத வாணாம்னு நான்தான் சொன்னேன்" என்றார் அண்ணி.

அன்று அண்ணன் மாடியில் தொட்டி வழிகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றபோது போய்ப் பக்கத்தில் நின்றேன். உதவாத பெட்டியை நாலு பக்கம் புகழ்ந்து எழுதி இவ்வளவு செலவுக்கு இழுத்துவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. கெட்டிலைத் தூக்கிக்கொண்டு படியேறிய ஏழு வாரத்தைச் சொன்னேன். ஈரத்துணியைச் சொன்னேன்.

"தெரியும்மா" என்றார். "நாலு பக்கம் எழுதினே. அதுலயும் சரி, அப்புறம் எழுதினதுலயும் சரி, நல்லா குளிச்சேன்னு ஒரு வரி இல்லியே."

பிறகு ஏன் கேட்டீர்கள் என்றேன். இங்கேயே ஒன்று வாங்கினால் செலவு வேண்டாம் என்று அண்ணி தடுத்துவிடுவார், நாத்தனார் கடல் தாண்டித் தூக்கி வந்ததை வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர் என்றார். என் கடிதத்தை நம்பி ஏமாந்தவர் என்று நான் நினைத்திருந்தவர் என்னை வைத்து அண்ணியை ஏமாற்றியிருந்தார்.

கீசரை வழிக்குக் கொண்டுவந்தது அண்ணிதான். குழாயை முழுக்கத் திறந்தால் வெதுவெதுப்பு. பாதி மூடினால் கொஞ்சம் சூடு. ஊடை நூல்போல ஒழுகவிட்டால் நல்ல வெந்நீர். விடிந்ததும் தெருவில் விளக்குகள் அணைந்து கரண்ட் தெம்பாக இருக்கும் நேரத்தில் அடியில் பக்கெட்டை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து பூக்கட்ட ஆரம்பித்தார். ஒரு முழம் முடிவதற்குள் பக்கெட் நிரம்பிவிடும். இவ்வளவு செலவுக்கு இது தகுமா அண்ணி என்று கேட்டேன்.

"அது பாட்டுக்கு ஒழுகிக்கினு இருக்குது. நான் பாட்டுக்கு மூச்சு வுட்டுக்கினு இருக்கேன். போதாதா?" என்றார்.

லெஸ்டருக்குத் திரும்பிய வருடமே நாங்களும் சொந்தமாக ஒரு பழைய வீடு வாங்கினோம். அதில் குளியலறைக்குத் தொட்டி வைத்த ஹீட்டரா, தொட்டியில்லாததா என்று எங்களுக்குள் ஒரு மாதம் தர்க்கம். தொட்டி என்றால் தண்ணீர் எப்போதும் தயாராக இருக்கும், அதை வைத்த அலமாரியும் சூடாக இருக்கும், துணி உலர்த்தலாம் என்று என் கணவர் கட்சி கட்டினார். யாரும் குளிக்காதபோதும் தண்ணீர் எதற்குச் சும்மா வெந்துகொண்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. வீடு கட்டுகிற நண்பர்கள் ஊரிலிருந்து இதையே எழுதிக் கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: தொட்டியில்லாதது ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அடங்கும். காலையில் ஐந்து பேர் அவசரப்படுகிற வீட்டில் சண்டை மூட்டும். நம் ஊரில் அதை வாங்குவதற்கு முன்பு, தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது, கரண்ட் எப்படி வருகிறது என்று பாருங்கள். வருடத்தில் எட்டு மாதம் சூரியன் இலவசமாகச் செய்து தருவதற்குக் காசு கொடுக்காதீர்கள். ஆனால் அடுப்பூதுகிறவருக்கு இருமல் இருக்கிறதென்றால் கணக்குப் பார்க்காமல் வாங்கிவிடுங்கள்.

கடைசியில் என் கட்சி ஜெயித்தது. போன வாரம் அதை மாட்டுவதற்குத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் வந்தார். சுடரைப் பற்றவைப்பது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தவர், இதற்கு முன்பு இந்த மாதிரி வைத்திருந்தீர்களா என்று கேட்டார். வீட்டில் ஒன்று இருக்கிறது என்று வாயில் வந்தபடி சொல்லிவிட்டேன். இப்போதும் ஓடுகிறதா என்றார். தினமும் ஓடுகிறது, பின்பக்கத்துச் சுவரில் இருக்கிறது என்றேன். அப்படியானால் இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்துவிடலாமா பார்க்கிறேன் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். சமையலறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு பின்வாசல் கதவு, அதற்கப்புறம் கரி போட்டு வைக்கிற கொட்டகைக் கதவு. கூப்பிட்டு நிறுத்த வாயெடுத்தேன். வீடு என்று நான் சொன்னது செவிலிமேட்டு வீடு என்று அவருக்கு விளக்க வேண்டுமே, அதை எப்படித் தொடங்குவது என்று குளியலறையிலேயே யோசித்துக்கொண்டு நின்றேன். கீழே அவர் சுவர் சுவராகத் தட்டித் தேடிக்கொண்டிருந்தார்.