செல்வியின் பார்சலை நான் பார்த்தேன்

திருஷ்டிக் கயிறும் கருப்பு வளையலும் விற்றே இருபது வருஷம் சோறு சாப்பிட்டவள் நான். ஒரு நாளும் அதை நம்பியதில்லை. ‘கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாகல்ல, புள்ளைக்குக் கட்டுங்க’ என்று வாய் கூசாமல் சொல்லி விற்றுவிட்டு, அவர்கள் போனதும் சிரிப்பேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. வரும்தான், காட்டிக்கொள்ள மாட்டேன்.

சிவகாசி பஜாரில் எங்களுடையது வளையல் கடை. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் வாங்கிய கையோடு பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் வேனிலிருந்து இறங்கி வந்தால் நிற்க இடம் இருக்காது. கையைப் பிடித்துப் பார்த்தே அளவு சொல்லிவிடுவேன், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் ஒரு வளையல் உடையாது. அந்த வித்தையை என் கொழுந்தன் பெண்டாட்டி செல்விக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்த என் வாயில் மண்ணைப் போட.

அவள் வளையலைப் போனில் படம் எடுத்து ஆன்லைனில் விற்பனைக்குப் போட ஆரம்பித்தாள். முதலில் ஏழாயிரம்பண்ணையிலிருந்து யாரோ கேட்டார்கள், அப்புறம் கோயம்புத்தூர், அப்புறம் பெங்களூர், ஒரே வருஷத்தில் மாடி அறை முழுக்க அட்டைப்பெட்டி. ஒரே வீடுதான், கீழே நாங்கள், மேலே அவர்கள். பிரஸ்ஸில் காலண்டர் வெட்டி மிஞ்சிய காகிதத்தை உள்ளே திணித்து, டேப் ஒட்டி, மாடிப்படியில் அடுக்கி வைப்பாள். கடைக்குப் போகும்போதும் வரும்போதும் அது என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். கடையில் நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் பொறுத்தேன், ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. பத்து வருஷமாக என்னிடம் வளையல் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் கையில் பெட்டியோடு வந்தாள்.

“அக்கா, ஆன்லைன்ல வாங்குனேன், கைக்கு ஏற மாட்டேங்குது. நீங்க போட்டா ஏறிரும்ல?”

பெட்டியில் செல்வியின் ஸ்டிக்கர். சிரித்துக்கொண்டே சோப்புத் தண்ணீர் தடவிப் போட்டுவிட்டேன், வேறென்ன செய்ய. மயில்கழுத்து நிறம், பளபளவென்று இருந்தது. இம்புட்டு அழகான சரக்கு இவளுக்கு எங்கனதான் கிடைக்குதோ என்று நினைத்தேன், அவ்வளவுதான். அந்தப் பெண் வாசல்படி இறங்குவதற்குள் அத்தனை வளையலும் உடைந்து கீழே விழுந்தன. அவள் கையில் ஒரு கீறல்கூட இல்லை. மட்டமான சரக்கு என்று சொன்னேன். சொல்வதற்கு இனிப்பாக இருந்தது.

அப்புறம் பார்சல்கள் உடைந்து திரும்பி வர ஆரம்பித்தன. கூரியர்க்காரர் தூக்கிப் போடுகிறார் என்று செல்வி திட்டிக்கொண்டிருந்தாள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

ஒரு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். படியில் ஒரே ஒரு பெரிய பெட்டி, ஏதோ கல்யாண ஆர்டர் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். நான் அதைத் தொடவில்லை, இருக்கன்குடி மாரியம்மா மேல் ஆணையாகத் தொடவில்லை. சும்மா பார்த்தேன். சும்மா என்பது பொய், வயிறு எரியப் பார்த்தேன். பெட்டிக்குள் ‘க்ளிங்’ என்றது. இன்னொரு தரம். பிறகு மழை பிடித்த மாதிரி விடாமல் சத்தம்.

செல்வி ஓடி வந்தாள். “என்னக்கா சத்தம்?”

“எனக்கென்ன தெரியும்? நீயே தொறந்து பாரு.”

டேப்பைக் கிழித்தாள். காகிதம் கசங்கவில்லை, டஜன் டஜனாகக் கட்டிய நூல் அறுபடவில்லை. ஆனால் ஒவ்வொரு வளையலும் கத்தியால் அறுத்ததுபோல் சரிபாதியாக இருந்தது. செல்வி படியிலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்குள் ஒரு மூலையில் சந்தோஷம்தான், ஏன் மறைக்க.

அழுதுகொண்டே சொன்னாள், “அக்கா, எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு. உங்ககிட்டதான் மொதல்ல சொல்லுதேன். இந்த நேரத்துல வளையல் ஒடையுறது நல்லதாக்கா?”

ஆத்தாடி! பதினோரு வருஷமாகக் குழந்தை இல்லாமல் ஏறாத கோயில் இல்லை அவள். என் கண் போய் எங்கே விழுந்திருக்கிறது பாருங்கள். அன்றையிலிருந்து அவள் வயிற்றை நான் பார்த்ததே இல்லை, சுவரைப் பார்த்துத்தான் பேசினேன்.

“மொகம் குடுத்தே பேச மாட்டேங்குறீகளே, என்மேல என்னக்கா கோவம்?” என்பாள். என்னவென்று சொல்வேன்?

வளைகாப்பு வந்தது. முதல் வளையல் நான்தான் போட வேண்டுமாம். உடம்பு சரியில்லை என்றேன், தலைவலி என்றேன். “அப்ப நான் யார்கிட்டயும் போட்டுக்கிட மாட்டேன்” என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அவள் எதிரில் உட்கார்ந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அப்போதுகூட மனசு சும்மா இருந்ததா? இவளுக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், நம் கடைவாசலை ஒருத்தி மிதிப்பதில்லை என்றுதான் ஓடியது. தாயே, என்னை என்ன வேண்டுமானாலும் செய், அந்தப் பிள்ளையை விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டே போட்டேன்.

“ஏன்க்கா கண்ண மூடியிருக்கீக?”

“சாமி கும்புடுதேன், பேசாம இரு.”

இரண்டு கை நிறையப் போட்டேன், ஒன்றுகூட உடையவில்லை.

மறுநாள் காலையில் போய்க் கடையைத் திறந்தேன். பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. உள்ளே அடுக்கில் இருந்த வளையல் அத்தனையும் சரிபாதி, கட்டின நூலிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. ஏதாவது கம்பெனியில் வெடித்த அதிர்வாக இருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். அன்றைக்கு எங்கேயும் எதுவும் வெடிக்கவில்லை. பக்கத்துக் கடையில் முகம் பார்க்கும் கண்ணாடிகூட அப்படியே இருந்தது. நம்பினால் நம்புங்கள்.

மறுபடி சரக்கு போட எனக்கு மனசு வரவில்லை, போட்டாலும் வாங்க யார் இருக்கிறார்கள்? வாடகைக் கடைதான், உரிமையாளரிடமே ஒப்படைத்துவிட்டோம். இப்போது செல்விக்கு நான்தான் பார்சல் கட்டுகிறேன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டே கட்டுகிறேன். பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. இதையெல்லாம் இன்றுவரை அவளிடம் சொன்னதும் இல்லை.

அவள் மகளுக்கு இப்போது இரண்டு வயது, நல்ல ஆரோக்கியம். நான் தூக்கினால் உடனே தன் இரண்டு உள்ளங்கையையும் என் கண்மேல் வைத்து அமுக்கிக்கொள்கிறாள். எடுத்துவிட்டால் மறுபடியும் வைக்கிறாள்.

“பெரியம்மாகூட கண்ணாமூச்சி வெளையாடுதாக்கா” என்று செல்வி சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். வேறு யார் தூக்கினாலும் அவள் அப்படிச் செய்வதில்லை.