இரண்டிரண்டு எழுத்தாக வாசிக்கப்பட்ட கடிதம்

லயத்தில் பிறந்தவர்களுக்கு ரகசியம் என்பது காசு கொடுத்தாலும் கிடைக்காத சரக்கு. நமுனுகுலவில் எங்கள் லயம், ஒரே கூரைக்கடியில் ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீட்டு வரிசை; அதன் குறுக்குச் சுவர்கள் கூரையைத் தொடாது. முதல் வீட்டில் தும்மினால் நான்காம் வீட்டிலிருந்து வாழ்த்து வரும். என் அக்காவுக்கு நிச்சயமான மாப்பிள்ளை மடுல்சீமையிலிருந்து எழுதிய முதல் கடிதத்தை, தபால் கொண்டுவந்தவர் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்றே சத்தமாக வாசித்துவிட்டார். கடிதம் அக்கா கைக்கு வந்தபோது அவளைத் தவிர எல்லோருக்கும் அது மனப்பாடம்.

ஆகவே, எனக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டிய காலம் வந்தபோது, நான் காகிதத்தைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். கம்ப்யூட்டரில் எழுதினேன். அந்தப் புத்திசாலித்தனத்தை நினைத்தால் இன்றும் தனியாகச் சிரிக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் பதுளை டவுனில், தோட்டங்களின் கணக்குப் பார்க்கும் ஒரு கந்தோரில், அதாவது ஆபீஸில், எனக்கு வேலை. மிஷின் ஒன்றுதான். மேனேஜர் அறையில் பெட்டி. வெளியே மூன்று மேசைகளில் மூன்று டெர்மினல்கள். டெர்மினல் என்றால் வெறும் திரையும் தட்டும் பலகையும்தான், வேலையெல்லாம் நடப்பது அந்தப் பெட்டிக்குள். மிஷினுக்குப் பொறுப்பாக இருந்தவர் கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரர், கொழும்பில் படித்து வந்தவர். முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டிருப்பார். அதைப் பார்ப்பதற்காகவே நான் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தேன் என்பதை இந்த வயதில் மறைப்பானேன்.

முதல் வாரம் அவர்தான் எனக்குப் பாடம் எடுத்தார்.

"ஓடுற ஒவ்வொரு நிரலுக்கும், அதாவது புரோகிராமுக்கும், நினைவகத்துல தனி அறை இருக்கு, தங்கச்சி. ஒவ்வொண்ணும் தன்னோட அறைதான் பூஜ்யத்துல தொடங்குதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கும். பக்கத்து அறைய எட்டிப் பார்க்கவே முடியாது. நம்ம லயம் மாதிரி இல்ல. இங்க சுவர் கூரை வரைக்கும் இருக்கு."

அந்தப் பேச்சில் இரண்டு விஷயங்கள் எனக்குள் தைத்தன. ஒன்று, கூரை வரைக்கும் சுவர். இன்னொன்று, 'தங்கச்சி'. கந்தோரில் எல்லோரும் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார்கள், டீ கொண்டுவருபவர்கூட. மற்றவர்கள் சொன்னால் எனக்கு ஒன்றுமில்லை. இவர் சொல்லும்போது மட்டும் பலகையைத் தூக்கி அவர் தலையில் போடலாமா என்று இருக்கும்.

கடிதம் எழுதிய அன்று காலை முழுக்க நான் மழைக் கணக்கு அடித்துக்கொண்டிருந்தேன். எந்தத் தோட்டத்தில் எந்த மாதம் எவ்வளவு மழை என்ற பட்டியல். மூன்று மணிக் கூட்டத்துக்கு மேனேஜர் கையில் அது இருக்க வேண்டும். பதினொரு மணிக்குப் பட்டியல் முடிந்தது. கை சும்மா இருக்கவில்லை. பட்டியலுக்குக் கீழேயே கடிதத்தைத் தொடங்கினேன். மிஷினுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, ஆங்கில எழுத்தில்தான் அடித்தேன். விஷயம் இதுதான்:

"முதல்ல என்னைத் தங்கச்சின்னு கூப்பிடுறத நிறுத்துங்க. நான் யாருக்கும் தங்கச்சியா இங்க வரல. உங்களைப் பார்க்காட்டி அன்னைக்கு எனக்கு வேலையே ஓடுறதில்ல. பதில் சொல்லுங்க."

இதை அவரைக் கூப்பிட்டுக் காட்டுவதா, ஒருமுறை வாசித்து ரசித்துவிட்டு அழிப்பதா என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை. கடைசிப் புள்ளியை வைத்தேன். அழிக்கும் விசையில் விரலை வைத்தேன். ஒன்றும் அழியவில்லை. மேலும் கீழும் போக அழுத்தினேன். திரை அப்படியே நின்றது, என் கடிதத்தோடு.

சட்டென்று டெர்மினலின் சுவிட்சை அணைத்தேன். திரை கறுத்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். தொலைந்தது, மழையும் போனது, மானம் பிழைத்தது!

திரை கறுத்ததைப் பார்த்து மிஷின்காரர் வந்து மேசைக்கு அடியில் தலையை விட்டார். "எலி வயரக் கடிச்சிருக்கு, தங்கச்சி" என்றார். பிறகு தன் டெர்மினலில் போய் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் பல்லாகத் திரும்பினார். "பயப்படாதீங்க. உங்க நிரல் உயிரோடதான் இருக்கு. வயரு அறுந்தது அதுக்குத் தெரியாது. நீங்க அடுத்த எழுத்த அடிப்பீங்கன்னு காத்துக்கிட்டு இருக்கு. அடிச்சது எல்லாம் அது நினைவகத்துல பத்திரமா இருக்கு."

"விட்ருங்க. நான் மறுபடி அடிச்சிடுறேன்."

"மூணு மணிக்குள்ளயா? அதெல்லாம் வேணாம். ஒரு எழுத்து விடாம நான் எடுத்துத் தர்றேன்."

"அதெப்படி எடுப்பீங்க? சுவர் கூரை வரைக்கும்னு நீங்கதானே சொன்னீங்க!" என் குரல் எகிறியதைக் கேட்டு மேனேஜர்கூடக் கதவைத் திறந்து பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எடுங்க எடுங்க" என்று உத்தரவும் போட்டுவிட்டு உள்ளே போனார்.

மிஷின்காரருக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்காது. நாற்காலியை இழுத்துப் போட்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடம் தொடங்கினார். நிரல்களுக்குத்தான் சுவர், கர்னலுக்குச் சுவர் கிடையாதாம். எல்லா நிரல்களையும் கட்டி மேய்க்கும் நடுநிரல்தான் கர்னல். எந்த அறை உண்மையில் எங்கே இருக்கிறது என்று அதற்கு மட்டும்தான் தெரியும். ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் அது எடுத்துக் கொடுத்துவிடாது. ஒரு நிரலைப் பெற்ற தாய் நிரல் கேட்டால்தான் கொடுக்கும், அதுவும் பிள்ளை ஒப்புக்கொண்டு பிறந்திருந்தால்.

"என் நிரலுக்குத் தாய் யாரு?" என்றேன், கொஞ்சம் நம்பிக்கையோடு.

"நம்மதான்!" என்றார். எங்கள் எழுதும் நிரல் அந்த வாரம் அடிக்கடி செத்து விழுந்துகொண்டிருந்ததாம். காரணம் கண்டுபிடிக்க அவர் ஒரு காவல் நிரல் எழுதி, என் நிரலை அதற்குப் பிள்ளையாகப் பிறக்க வைத்திருந்தாராம். அதாவது இரண்டு நாளாக நான் அவர் காவலில்தான் அடித்துக்கொண்டிருந்தேன். இது தெரியாமல் நான் கூரை வரைக்கும் சுவர் என்று கனவு கண்டிருக்கிறேன்!

முதலில் என் நிரலை அசையாமல் நிறுத்தினார். பிறகு காவல் நிரல் கர்னலிடம் கேட்டது: பிள்ளையின் அறையில் இன்ன இடத்தில் என்ன இருக்கிறது? இதில் வேடிக்கை என்னவென்றால், கர்னல் தானாகப் போய் எடுக்கவில்லை. பிள்ளையைப் பாதித் தூக்கத்தில் எழுப்பி, அதன் கையாலேயே இரண்டு எழுத்தை எடுக்க வைத்து, நடுவில் ஒரு சின்ன இடத்தில் போட வைத்து, மறுபடி தூங்க வைத்தது. தாய் வந்து அதை எடுத்துக்கொண்டது. பிறகு அடுத்த இரண்டு. பிள்ளைக்கு எதுவுமே நினைவிருக்காது. எழுந்தால் விட்ட இடத்திலிருந்து காத்திருக்கும்.

"எழுதவும் முடியும்" என்றார் பெருமையாக. "அதே வழிதான். நாம கொடுக்கிற ரெண்டு எழுத்த அதுவே தன் அறையில வச்சிக்கும். ஆனா இருக்கிற எழுத்துக்கு மேலதான் எழுதலாம். தள்ளி வச்சு இடம் பண்ண முடியாது."

நான் எங்கே கேட்டேன்? என் கண் அவர் திரையில் இருந்தது. இரண்டிரண்டாக எட்டு முறை எடுத்ததைச் சேர்த்து, ஒரு தட்டுக்குப் பதினாறு எழுத்து வந்தது. அவர் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசித்தார். நமுனுகுல, ஜனவரி. தட்டு. மடுல்சீமை, பெப்ரவரி. தட்டு. மேலே மழை கொட்டக் கொட்ட எனக்குக் கீழே வெள்ளம் ஏறியது. "போதும், மிச்சம் ஒண்ணுமில்ல" என்றேன். "இருக்கே" என்றார். "டீ குடிச்சிட்டு வாங்களேன்" என்றேன். "இது முடியட்டும்" என்றார். இடத்தைவிட்டு ஓடியிருக்கலாம். உண்மையைச் சொன்னால், ஓட மனம் இல்லை. என்னதான் சொல்லப்போகிறார் என்று தெரியாமல் செத்துவிடுவேன் போலிருந்தது.

டிசம்பர் முடிந்தது. "முதல்ல என்னை" என்று வாய்விட்டு வாசித்தார். தட்டினார். அதன் பிறகு வாய் திறக்கவில்லை.

தட்டு. தட்டு. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். தட்டு. அவர் காது சிவந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். கடைசி வரியும் வந்து நின்றது.

"தங்..." என்று தொடங்கி, மிச்சத்தை விழுங்கினார். "நீங்க போய்... வயருக்குச் சொல்லிட்டு வாங்க. கடைவீதியில ரேடியோ திருத்துற நானா இருப்பாரு."

அவ்வளவுதான்! பதிலும் இல்லை, ஏச்சும் இல்லை. எழுந்து நடந்தபோது முதுகுக்குப் பின்னால் அவர் விசைகளைத் தட்டுவது கேட்டது. வாசிக்கும்போது தட்டிய தட்டு அல்ல. நிறுத்தி, யோசித்து, எட்டுத் தடவை தட்டினார். பட்டியலைப் பிரித்தெடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ரேடியோ நானா, அதாவது அந்த முஸ்லிம் அண்ணன், மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, ஈயம் பற்றவைக்கும் கோலோடு வந்து வயரை ஒட்டினார். மழைப் பட்டியல் மழையோடு மட்டும் அச்சாகி மேனேஜர் கைக்குப் போனது. மேனேஜர் "நல்ல வேலை" என்றார். மிஷின்காரர் தன் திரையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு ஆள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இவர் மழையைப் பத்திரப்படுத்தினாராம்!

என் டெர்மினலைப் போட்டேன். அவர் என் நிரலை எழுப்பிவிட்டிருந்தார். திரையைப் புதுப்பிக்கும் விசையை அழுத்தினேன், கடிதத்தை அடியோடு அழித்துவிடும் வெறியில். பட்டியலின் வால் வந்தது. கடிதம் வந்தது. தங்கச்சி வந்தாள். வேலை ஓடாததும் வந்தது.

அதற்கு அடுத்து "பதில் சொல்லுங்க" இல்லை. அதே இடத்தில், அதே புள்ளிக்கு முன்னால், "எனக்கும்தான்" என்று இருந்தது. மிஞ்சிய இரண்டு எழுத்துக்கும் வெற்றிடம் போட்டிருந்தார். ஆங்கில எழுத்தில் புள்ளியோடு எண்ணினால், தடவைக்கு இரண்டாக எட்டுத் தடவை தட்டியது பதினாறு எழுத்துக்குச் சரியாக இருந்தது.

கந்தோர் என்றும் பாராமல் சிரித்தேன். புரையேறி இருமினேன், ரேடியோ நானா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். மிஷின்காரர் தலை நிமிரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

"இங்க நான் அடிக்காதது ஒண்ணு இருக்குங்க" என்றேன், சத்தமாக, கந்தோர்க் குரலில்.

"நிரலக் கேட்டுப் பாருங்க" என்றார் அவர். "நீங்க அடிச்சதாத்தான் சொல்லும்."

நான் கடிதத்தை அழிக்கவில்லை. புதிய வரிக்குப் போய், "இனிமே என்னை எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று அடித்தேன். அவர் இருந்தது ஆறடி தள்ளி. திரும்பி வாயால் சொல்லியிருக்கலாம். கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த எழுத்தை அழுத்தினேன். வரவில்லை. இன்னொன்றை அழுத்தினேன். திரை அசையவில்லை.

இந்த முறை எலி இல்லை. என் நிரலை நிறுத்திவைத்துவிட்டு, அவர் இரண்டிரண்டு எழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு, நின்றுபோன திரைக்கு முன்னால் அவ்வளவு சந்தோஷமாகக் காத்திருந்தேன்.