குசேரா வீட்டின் மேல் போன கோடு

மைலோ குசேராவின் முடிவெட்டும் கடையில் பேச்சுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் பேசுகிறவர் மைலோ அல்ல. நாற்காலியில் இருப்பவன் ஒன்று சொல்வான், காத்திருப்பவன் அதை மறுப்பான், மைலோ கத்தரியால் ஆமாம் போடுவார். நெப்ராஸ்காவில் ஓடையோரம் இருந்த அந்தச் சிற்றூரில் பாதிப் பேரின் தலை அவர் கைக்குத் தெரியும். அவர் குரல்தான் பலருக்குத் தெரியாது. அதனால் ஒருநாள் காலை அவர் தானாக வாயைத் திறந்தபோது, கடையே பத்திரிகையை மடித்துவிட்டு நிமிர்ந்தது.

"ஆர்லீனை வீட்டுக்குக் கூட்டிட்டு வர முடியாதாம்."

அவர் மனைவி ஆர்லீனுக்கு இலையுதிர் காலத்தில் பக்கவாதம் வந்து வலது கால் விழுந்துவிட்டது. பக்கத்து ஊர்ப் பராமரிப்பு இல்லத்தில் இருந்தாள். வீட்டில் படுக்கையறையும் குளியலறையும் மாடியில். கீழே தரையோடு ஓர் அறையும் குளியலறையும் கட்டிவிட்டால் சக்கர நாற்காலியோடு வந்துவிடலாம். அனுமதி கேட்கப் போன இடத்தில்தான் ஊரின் வெள்ள வரைபடத்தைக் காட்டினார்கள். வெள்ளம் ஏறக்கூடிய இடமெல்லாம் நீலம். நீலத்தின் எல்லைக்கோடு குசேரா வீட்டுக் கூரைக்குக் குறுக்கே போயிற்று. நீலத்துக்குள் தரையோடு கட்டக் கூடாது, தூக்கித்தான் கட்ட வேண்டும். தூக்கினால் படி வரும். படி ஏற முடிந்தால் ஆர்லீன் ஏன் அங்கே கிடக்கப் போகிறாள்?

"உன் வீடு மேட்டுலதானே இருக்கு?" என்றான் லூமிர். சரளை லாரி ஓட்டுகிறவன், மைலோவோடு பள்ளியில் படித்தவன். "என் வீட்டு அடித்தளத்துல தண்ணி வந்தப்ப நான் உன் வீட்டுலதானே படுத்தேன்?"

"அதை நிரூபிக்கணுமாம். சர்வேயர் வந்து, வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கற மண்ணுல எது ரொம்பத் தாழ்வோ அதை அளப்பாங்க. அது வெள்ள மட்டத்துக்கு மேல இருந்தா, வாஷிங்டனுக்கு எழுதிப் போட்டா வீட்டை நீலத்துலேருந்து எடுத்துடுவாங்க. திங்கக்கிழமை வர்றாங்க."

மைலோ இவ்வளவு நீளமாகப் பேசி அவர்கள் கேட்டதில்லை. லூமிர் யோசனையாகத் தலையைச் சொறிந்தான். பாதி வெட்டிய தலை.

அந்த ஊரில் உதவி வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்பதால், ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து செய்துவிட்டுப் போவார்கள். சனிக்கிழமை இல்லத்திலிருந்து மைலோ திரும்பியபோது வீட்டைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு மண் கொட்டி, திமிசு போட்டு இறுக்கி, புல்விதைகூடத் தூவியிருந்தது. வாசல்படியில் ஒரு தட்டு நிறைய, நடுவில் கசகசா வைத்துச் சுட்ட கொலாச்சி பன். யார் சுட்டது என்று எழுதவில்லை. தட்டைப் பார்த்தாலே தெரியும், லூமிரின் தங்கை. மைலோ அங்கேயே உட்கார்ந்து ஒன்றைத் தின்றார்.

திங்களன்று வந்த சர்வேயர் பிரிஜெட் சின்னப் பெண். காரை விட்டு இறங்கியவள் மண்ணைப் பூட்ஸ் நுனியால் ஒரு குத்துக் குத்தினாள்.

"இது யாரு பார்த்த வேலை சார்?"

"நண்பர்கள்."

"நல்ல நண்பர்கள்தான். ஆனா கொட்டுன மண்ணு செல்லாது. இயற்கையா இருந்த தரையைத்தான் நான் அளக்கணும். இதோட அனுப்பினா அது வேற மனு, வேற விதி, இழுத்துக்கிட்டே போகும். அள்ளிட்டுக் கூப்பிடுங்க."

மறுநாளே மண்வெட்டிகளோடு அதே ஆட்கள்.

"அறிவுக்கொழுந்து லூமிர்! அடுத்த தடவை ஓடையையே குடிச்சிடுறேன்னு சொல்லு," என்றான் அவர்களில் ஒருவனான டுவெய்ன், வியர்வையைத் துடைத்தபடி.

"நீ ஏன்டா அன்னிக்கு மண்ணு போதாது போதாதுன்னு கத்தின?"

மைலோ எல்லோருக்கும் பியர் எடுத்து வந்தார். திட்டுவார் என்று லூமிர் காத்திருந்தான். அவர் மூடியைத் திறந்து பாட்டிலை அவன் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். மண்ணுக்கடியில் பழைய புல், வெளிச்சம் படாமல் வெளுத்து, படுத்த தலைமுடி போலக் கிடந்தது.

பிரிஜெட் மறுபடி வந்து சுவர் சுவராக அளந்தாள். எல்லாம் மட்டத்துக்கு மேலே. கடைசியாகப் பின்பக்கத்து மரத்தளத்தின் அடியில் நுழைந்தாள். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது.

"இந்த டெக் வீட்டோட சேர்ந்திருக்கு. அப்ப இதோட கால் நிக்கற மண்ணும் வீட்டு மண்ணுதான். ஓடைப் பக்கத்துக் கால் வெள்ள மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ போகுது."

"டெக் இல்லாட்டி?"

"இல்லாட்டி வீடு மேல."

அந்த டெக்கை மைலோ ஆர்லீனுக்காகக் கட்டியது. காலைக் காப்பியை அவள் அங்கேதான் குடிப்பாள். இல்லத்தில் அவள் கட்டிலருகே உட்கார்ந்து விஷயத்தைச் சொல்வதற்குள் அவர் தொப்பியை நாலைந்து முறை திருப்பிவிட்டார்.

"எனக்குப் பிடிச்ச இடம்னுதானே யோசிக்கிற?" என்றாள் ஆர்லீன்.

"ம்."

"மைலோ, அது கோணல். முட்டையை வச்சா உருண்டு ஓடும். இத்தனை வருஷமா உன் மனசு நோகக்கூடாதுன்னு காப்பிக் கப்பைக் கையிலேயே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பிரிச்சுப் போடு."

அவர் சிரித்துவிட்டார். அடுத்த கட்டிலில் இருந்தவள்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

பிரிப்பதற்கு ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. பிரிஜெட் மறுபடி அளந்து, தாள்களை அவளே அனுப்பிவைத்தாள். கோதுமை அறுவடை முடிந்த சமயம் பதில் வந்தது: வீடு நீலத்தில் இல்லை. மைலோ அதைக் கடைக் கண்ணாடியில் செருகி வைத்தார். வந்தவர்கள் முடி வெட்டிக்கொண்டே படித்தார்கள்.

அறை கிழக்குப் பக்கம் எழும்பியது. பனி விழுவதற்கு முன்பு ஆர்லீன் வந்தாள். சமையலறை முழுக்க ஆட்கள், அடுப்பில் மூன்று வீட்டுச் சூப்பு. லூமிர் அவள் நாற்காலியைத் தள்ள முந்திக்கொண்டு வந்தான்.

"கையை எடு. எனக்கு பாத்ரூம் போகணும்."

"வர்றேன் ஆர்லீன், பிடிச்சுக்கறேன்," என்றார் மைலோ.

"ஒரு வருஷமா அங்க எவளாவது பாத்ரூம் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னா. நீயும் வராத."

சக்கரங்கள் புதுத் தரையில் தடங்கலில்லாமல் உருண்டு போயின. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. மைலோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாம் அவர் வெட்டிய தலைகள். ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது.

"ரொம்ப நன்றிடா," என்றார். "எல்லாருக்கும். மண்ணுக்கும் சேர்த்து."