ராக்கப்பன் நிஜமாகவே ஏறிய நாள்

ராக்கப்பனைப் பற்றி ஷார்ஜாவின் முவைலாவில் அவருடைய கட்டடத்தில் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். தேவகோட்டைக்காரர், சின்ன விமானங்களுக்குப் புரொப்பல்லர் வேலை பார்க்கிறவர் என்பது ஒன்று. வேலை முடிந்ததும் அதே விமானத்தில் ஏறி ஆகாயத்தில் ஒரு சுற்று சுற்றிச் சரிபார்த்துவிட்டு வருகிறவர் என்பது இன்னொன்று. முதலாவது சத்தியமான உண்மை. இரண்டாவது கலப்படமில்லாத புளுகு. எட்டு வருஷமாக அந்தப் புளுகுக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் சாட்சாத் ராக்கப்பனேதான்.

மனுஷருக்கு உயரம் ஆகாது. ஏணியில் மூன்றாவது படி ஏறினால் முழங்கால் தந்தியடிக்கும். நான்காவது மாடியில் குடியிருந்துகொண்டு, பால்கனியில் காயும் துணியை எடுக்கச் சொன்னால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு ஒரு கையை மட்டும் நீட்டுவார். ஊருக்குப் போகிற பெரிய விமானத்தில் நடைபாதை ஓர சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் திருச்சி வந்த பிறகுதான் திறப்பார். ஆனால் வேலையில் கெட்டிக்காரர். உம்முல் குவைன் பக்கம் கடற்கழியை ஒட்டி இருக்கும் அந்தச் சின்ன ஃப்ளையிங் கிளப்பில், புரொப்பல்லர் என்றால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. புரொப்பல்லரிலோ கவர்னரிலோ கை வைத்தவன், சோதனை ஓட்டத்தில் பைலட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். தான் முடுக்கிய போல்ட்டை நம்பித் தானே ஏறுகிறவன் ஒழுங்காக முடுக்குவான் என்பது கிளப்பின் கணக்கு. நியாயமான கணக்குத்தான். ராக்கப்பனின் அதிர்ஷ்டம், அந்த வேலையைப் பார்ப்பவர்கள் இரண்டு பேர். இன்னொருவர் முகம்மது ரிபாய், காயல்பட்டினத்துக்காரர், அதே கட்டடத்தில் இரண்டாவது மாடி. ரிபாய்க்குப் பறப்பது என்றால் அல்வா. "நீ கீழ இரு மாப்ள, நான் மேல போறேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்படியே நடந்து வந்தது.

ரிபாய் மேலே போன நேரத்தில் ராக்கப்பன் விமானம் நிறுத்தும் ஹேங்கருக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்து, சிப்ஸ் வைத்துச் சுருட்டிய பரோட்டாவும் கரக் சாயாவுமாகக் காலத்தைக் கழித்தார். இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. வம்பு வீட்டிலிருந்து வந்தது.

முதல் சோதனை ஓட்டத்தன்று மனைவி நாகவள்ளி, "நீங்களும் மேல போவீகளா?" என்று கேட்டாள். ராக்கப்பன் அசட்டுத் தைரியத்தில், "பின்ன, நான் போகாம?" என்றார். அவ்வளவுதான். நாகவள்ளி பிள்ளையாரை வேண்டிக்கொண்டாள். கணவர் ஏறுகிற நாளில், அவர் பத்திரமாக இறங்கிவிட்டதாகச் செய்தி வரும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. அதன்படி ராக்கப்பன் காலையில் "ஏறப் போறேன்" என்று வாட்ஸ்அப்பில் போடுவார். ரிபாய் இறங்கியதும் "இறங்கிட்டேன்" என்று போடுவார். இரண்டு செய்திக்கும் நடுவில்தான் அந்தப் பரோட்டா.

மனசாட்சி இல்லாமல் இல்லை. இருந்தது, பரோட்டாவின் இரண்டாவது கடியில் வந்து உறுத்தும். இன்று சொல்லிவிடலாம், நாளை சொல்லிவிடலாம் என்று பார்த்தார். எத்தனையோ பட்டினி கிடந்த பொம்பளையிடம் போய், 'அத்தனையும் வீண், நான் தரையில்தான் உட்கார்ந்திருந்தேன்' என்று எந்த முகத்தோடு சொல்வது? பொய்க்கு வயதாக ஆக அதைச் சொல்கிற தைரியம் தேய்ந்துகொண்டே போனது.

இப்படி இருக்கையில்தான் ரிபாய் மச்சினன் கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு லீவில் ஊருக்குப் போனார். அவர் போன வாரமே, கிளப்பின் நான்கு சீட்டு விமானம் ஒன்றின் கவர்னர் முழுப் பராமரிப்பு முடிந்து திரும்பி வந்துவிட்டது.

கவர்னர் என்றால் ராஜ்பவன்காரர் இல்லை. எஞ்சினில் பொருத்துகிற, உள்ளங்கையில் அடங்கும் சாமான். சைக்கிளில் மேட்டுக்கு ஒரு கியர், பள்ளத்துக்கு ஒரு கியர் போடுகிற மாதிரி, புரொப்பல்லரின் பிளேடுகளை எண்ணெய் அழுத்தத்தால் கொஞ்சம் திருப்பித் திருப்பி, எஞ்சின் எப்போதும் கேட்ட வேகத்திலேயே சுற்றும்படி பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதில் ஒரு ஸ்க்ரூ உண்டு. வேகம் எதைத் தாண்டக் கூடாது என்று அந்த ஸ்க்ரூதான் சொல்லும். பைலட்டுக்கு முன்னால் இருக்கும் மீட்டரில் அந்த எல்லைக்கு ஒரு சிவப்புக் கோடு. ஊசி கோட்டைத் தொட வேண்டும், தாண்டக் கூடாது. வழக்கமாக ரிபாய் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அரைச் சுத்து கொறை மாப்ள" என்பார். ராக்கப்பன் குறைப்பார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு மெக்கானிக்.

இப்போது பாதி மெக்கானிக் காயல்பட்டினத்தில் பிரியாணிக்கு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

"யல்லா அண்ணா, கவர்னர் மாட்டியாச்சுல்ல? போலாமா?" என்று வந்து நின்றாள் கேப்டன் இஃப்பத். வாணியம்பாடிப் பெண். கிளப்பில் பறக்கக் கற்றுக்கொடுக்கிறவள். சோதனை ஓட்டம் என்றால் குஷியாகிவிடுவாள்.

ராக்கப்பன் துணியை எடுத்துத் துடைத்த புரொப்பல்லரையே மறுபடி துடைத்தார். "ஒரு நிமிஷம் கேப்டன், தரையில ஓட்டிப் பாத்துருவோம்" என்றார்.

சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்தி, முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். ஊசி சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றது. அது அப்படித்தான் நிற்கும். நிற்கிற விமானத்தில் எஞ்சினுக்குப் பாரம் அதிகம். கவர்னருக்கு வேலையே இன்னும் வரவில்லை. ஓடி மேலே ஏறினால்தான் பாரம் குறைந்து ஊசி கோட்டுக்கு வரும். இது புத்தகத்தில் இருக்கிறது. ராக்கப்பன் பரீட்சையில் எழுதித் தேறியும் இருக்கிறார். ஆனால் பயம் வந்தவனுக்குப் படித்தது எங்கே நிற்கும்? தரையிலேயே கோட்டில் நிறுத்திவிட்டால் மேலே ஒரே ஒரு சுற்றோடு கீழே விட்டுவிடுவார்கள் என்று அவருக்கு ஒரு நப்பாசை. எஞ்சினை அணைத்து ஸ்க்ரூவை ஒரு சுற்றுத் திருப்பினார். மறுபடி ஓட்டினால் ஊசி அசையவில்லை. இன்னொரு சுற்று. ஊசி அசையவில்லை. இன்னும் ஒன்று. ஊசி அவரைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றது.

"அண்ணா, போதும். மேல போய்ப் பாத்துக்கலாம்" என்றாள் இஃப்பத்.

ராக்கப்பன் "ஏறப் போறேன்" என்று மனைவிக்குச் செய்தி போட்டார். எட்டு வருஷத்தில் முதல் முறையாக அது உண்மை. அந்த இரண்டு சொல்லை அடிப்பதற்குள் கட்டைவிரல் நாலு தடவை தப்பான எழுத்தில் விழுந்தது. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கதவுப் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தார். பிடித்தார் என்பது குறைவு. கைப்பிடியோடு ஒன்றாகிப் போனார்.

விமானம் ஓடியது, துள்ளியது, தரை விலகியது. ராக்கப்பன் கண்ணை இறுக்க மூடியிருந்தார். ஆனால் காதை மூட முடியாதே. எஞ்சின் சத்தம் ஏறுகிறது, ஏறுகிறது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் இன்னும் ஏறுகிறது. அந்தச் சத்தம் அவர் வாழ்நாளெல்லாம் கேட்ட சத்தம். கண் தானாகத் திறந்தது. ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டுத் தாண்டத் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"கேப்டன், நீல லீவர். பின்னாடி இழுங்க" என்றார்.

அவர் சொல்வதற்குள் அவள் கை அங்கே போயிருந்தது. புரொப்பல்லரின் வேகத்தை இறக்கும் அந்த லீவர் கொஞ்சம் பின்னால் வந்ததும் சத்தம் அடங்கி ஊசி கோட்டுக்குக் கீழே இறங்கிச் சமர்த்தாக நின்றது. "தரையில எத்தனை சுத்து வச்சீங்க அண்ணா?" என்று சிரித்தாள் இஃப்பத். அத்தனை சுற்றும் இங்கே மேலே வந்துதான் வேலையைக் காட்டியிருக்கின்றன. ராக்கப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கத்தில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

திருப்பியவர் அப்படியே இருந்துவிட்டார்.

கீழே கடற்கழி பச்சையும் நீலமுமாகக் கிளை கிளையாகப் பிரிந்து கிடந்தது. கண்டல் காட்டுக்கு நடுவில் கொக்குக் கூட்டம் ஒன்று எழுந்தது. அதை அவர் முதுகுப் பக்கத்திலிருந்து பார்த்தார். பறவையின் முதுகை இதற்குமுன் அவர் பார்த்ததில்லை. தினம் இரண்டு மணி நேரம் அவரைப் போட்டு வறுக்கும் நெடுஞ்சாலையில் வண்டிகள் எறும்பாக ஊர்ந்தன. தூரத்தில் ஷார்ஜா கானல் போல மங்கித் தெரிந்தது. அங்கே எங்கோ நான்காவது மாடியில் அவர் தொடப் பயப்படும் பால்கனி. ராக்கப்பனுக்குச் சிரிப்பு வந்தது. காரணமே இல்லாத சிரிப்பு, வயிற்றிலிருந்து குபுகுபுவென்று. தலை சுற்றியது, அந்தச் சுற்றலும் ராட்டினத்தில் உட்கார்ந்த மாதிரி ருசியாக இருந்தது. கைப்பிடியை எப்போது விட்டார் என்று அவருக்கே தெரியாது.

இறங்கியதும் ஓட்டமாக ஓடி ஸ்க்ரூவைக் குறைத்தார். மறுபடி ஏறினார்கள். இந்தத் தடவை ஊசி ஒரு மயிரிழை கீழே நின்றது. இறங்கிக் கொஞ்சம் கூட்டினார். மறுபடி ஏறினார்கள். ஊசி கோட்டின் மேல் வைத்தது வைத்தபடி நின்றது. வேலை முடிந்துவிட்டது. ராக்கப்பனுக்கு இறங்க மனசில்லை.

"ஊசி லேசா நடுங்குறாப்புல தெரியுதே கேப்டன். இன்னொரு தடவ பாத்துருவமா?"

இஃப்பத் ஊசியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "ஊசி நடுங்கல அண்ணா. நீங்கதான் சீட்ல குதிக்கறீங்க" என்றாள். ஆனாலும் கடலோரமாக இன்னொரு பெரிய வட்டம் அடித்துக் காட்டினாள். நல்ல பெண்.

சாயங்காலம் கம்பெனி வண்டியில் வீடு திரும்பும்போதுதான் ராக்கப்பனுக்கு உறைத்தது. மனசு முழுக்கச் சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று முட்டுகிறது. கொக்கின் முதுகைச் சொல்ல வேண்டும், கழியின் பச்சையைச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய ஆள் உலகத்தில் ஒருத்திதான். அவளிடம் போய், 'இன்றைக்கு நான் முதல் முதலாகப் பறந்தேன்' என்று எப்படிச் சொல்வது? அவள் கணக்கில் அவர் எட்டு வருஷமாகப் பறக்கிறார். இந்தச் சந்தோஷத்தைச் சொல்ல வேண்டுமானால் அந்தப் பொய்யையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பேசாமல் முழுங்கிவிடலாம் என்று பார்த்தார். அது உள்ளே போக மறுத்தது. லிஃப்ட்டில் தனியாகச் சிரித்தார், தனியாக வேர்த்தார்.

நாகவள்ளி கதவைத் திறந்துவிட்டு, போய் சோபாவில் உட்கார்ந்தாள். முகம் வெளிறியிருந்தது. ராக்கப்பன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நாகு, நான் ஒன்னு சொல்லணும். நீ வையி, அடி, என்னமும் செய்யி. நான் இத்தன வருசமா மேல போனதே இல்ல. ரிபாய்தான் போனான். நான் கீழ ஒக்காந்து பரோட்டா தின்னேன்."

"தெரியும்" என்றாள் நாகவள்ளி.

"என்னது?"

"மொத வருசமே தெரியும். ரெண்டாவது மாடி ரஹீமாக்கா சொன்னாக, அவுக வீட்டு ரிபாயண்ணன்தான் ஏறுறாகன்னு. அவுக சொல்லாட்டியும் எனக்குத் தெரியாதாக்கும். பால்கனில துணி எடுக்கச் சொன்னா செவுத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறவுக, ஆகாயத்துல பறக்குறாகளாம்."

"அப்ப நீ பட்டினி கெடந்ததெல்லாம்?"

"நீங்க பரோட்டா திங்கிற நேரத்துல நான் மட்டும் எதுக்குப் பட்டினி கெடக்கணும்? ஏறப் போறேன்னு மெசேஜ் வந்ததும் இட்லிச் சட்டிய அடுப்புல ஏத்திருவேன். சில நாளு ரஹீமாக்காவும் நானும் சேந்துதான் சாப்பிடுவோம்."

ராக்கப்பனுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு வருஷத்துப் பாரம் இட்லியாகிப் போன ஆனந்தத்தில், காலையிலிருந்து நடந்தது அத்தனையும் மளமளவென்று கொட்டினார். ஊசி, ஸ்க்ரூ, கொக்கு, கழி, நெடுஞ்சாலை, அந்தக் கடைசி வட்டம். கையை இறக்கையாக விரித்துக்கொண்டு கூடத்தில் ஒரு சுற்று சுற்றியே காட்டினார். நாகவள்ளியும் சிரித்தாள். சிரித்தவள் எழுந்திருக்கப் பார்த்து, தள்ளாடி, மறுபடி சோபாவில் சாய்ந்தாள்.

"என்ன செய்யிது?"

"தல சுத்துது. ஒன்னுமில்ல."

அப்போதுதான் ராக்கப்பன் சாப்பாட்டு மேஜையைப் பார்த்தார். காலையில் வார்த்த இட்லி, மூடிய தட்டுக்கு அடியில் அப்படியே இருந்தது. மத்தியானச் சோறும் குழம்பும் தொடாமல் இருந்தன. தண்ணீர்ச் செம்பு விளிம்புவரை நிறைந்திருந்தது.

"நாகு, நீ சாப்பிடலையா?"

"ரிபாயண்ணன்தான் ஊர்ல இருக்காகளே" என்றாள் நாகவள்ளி. "இன்னைக்கு ஏறப் போறேன்னு போட்டீங்க. இறங்கிட்டேன்னு போடவே இல்ல."

ராக்கப்பன் விரித்த கையை மெதுவாக இறக்கினார். மேலே போய்வந்த குஷியில் அந்த ஒரு சொல்லை அவர் அடியோடு மறந்திருந்தார். பொய்யாகப் போட்ட நாளிலெல்லாம் தவறாமல் போட்ட சொல். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, அங்கேயே நின்றபடி, "இறங்கிட்டேன்" என்று அடித்து அனுப்பினார்.

சோபாவில் அவள் பக்கத்தில் கிடந்த போன் சிணுங்கியது. நாகவள்ளி அதை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் படித்தாள். பிறகு செம்பை எடுத்து மடமடவென்று தண்ணீரைக் குடித்துவிட்டு, அவருக்கும் சேர்த்து இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.