ஷேட் சரியாக இருந்த கூலன்ட்

நிறம் பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேப்பில் பதினோரு வருடம் ஷேட் பார்த்தவன். வெளிநாட்டு பையர் உள்ளங்கை அகலத் துணித்துண்டைக் கூரியரில் அனுப்புவான். அதே நிறத்தை எங்கள் துணியில் கொண்டுவர வேண்டும். பருத்திக்கு ஒரு சாயம், பாலியஸ்டருக்கு வேறு சாயம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கேமரா இல்லாத செல்போன் வைத்திருந்த காலம். அம்மாவுக்கு மார்பில் கட்டி எடுத்திருந்தார்கள். அதன் பிறகு கோவையில் ஐந்து வாரம் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும், சனி ஞாயிறு தவிர தினமும். “நடுவுல ஒரு நாள்கூட விட்றாதீங்க” என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பஸ் கூட்டத்தில் கட்டி எடுத்த பக்கத்துக் கை இடிபடக் கூடாது என்பதால் அவசரமாக ஒரு பழைய கார் வாங்கினேன். மதியம் லேப்பில் பர்மிஷன் போட்டுவிட்டுக் கிளம்பினால் இரண்டரை மணிக்கு மெஷினுக்கு அம்மாவைக் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். அம்மா பின்சீட்டில் ஒரு தலையணையை அணைத்தபடி வருவார்.

இரண்டாவது வாரம் பானெட்டைத் திறந்து பார்த்தபோது என்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஒரு ரப்பர் குழாயில் கசிவு. குழாயை நானே மாற்றிவிட்டேன். குறைந்த அளவுக்குப் புதுக் கூலன்ட் ஊற்ற வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

உள்ளே இருந்தது ரோஸும் சிவப்பும் கலந்த ஒரு நிறம். டெஸ்ட் டியூபில் கொஞ்சம் எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன்.

“ஏனுங்க, வண்டி புக்குல எந்த வகைன்னு போட்டிருக்குதுங்க?” என்றார் கடைக்காரர்.

“புக்கெல்லாம் எதுக்குங்க? நான் ஷேட் பாத்து எடுத்துக்கறனுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மூன்று கேன்களை எடுத்து வைத்தார். முதலாவது பச்சை, மூடியைத் திறந்ததுமே தள்ளி வைத்தேன். இரண்டாவது ரோஸ்தான், ஆனால் லேசாக ஊதா அடித்தது. மூன்றாவதை வாங்கிவந்து லேப்பின் லைட் பாக்ஸில் டெஸ்ட் டியூபோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், மஞ்சள் பல்பு மூன்றிலும் அச்சு அசல். கூட வேலை பார்த்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ஷேட் பாஸுங்க” என்றார். எங்கள் ஊர் போர்த் தண்ணீரின் லட்சணம் தெரியும் என்பதால், கலப்பதற்கு டிஸ்டில்ட் வாட்டர் வாங்கினேன். அந்த மட்டும் புத்தி இருந்தது.

நான்காவது வாரம், கருமத்தம்பட்டி தாண்டியதும் சூடு காட்டும் முள் சரசரவென்று ஏறியது. ஓரங்கட்டி, நல்லவேளையாக எதிரிலேயே இருந்த ஒர்க்‌ஷாப்பிற்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். மெக்கானிக் தென்மாவட்டத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். என்ஜின் ஆறியதும் மூடியைத் திறந்தார். உள்ளே பழுப்பாக, கம்மங்கூழ் மாதிரி கட்டி கட்டியாக நின்றது.

“என்னத்த ஊத்துனிய அண்ணாச்சி?”

சொன்னேன். டெஸ்ட் டியூப், லைட் பாக்ஸ் எல்லாவற்றையும் கொஞ்சம் பெருமையாகவேதான் சொன்னேன்.

“ரெண்டும் வேற வேற மருந்து, ஒண்ணோட ஒண்ணு சேராது. கலரு கம்பெனிக்காரன் இஷ்டத்துக்குப் போடுறதுல்லா? சாயப்பட்டறையில இருந்துக்கிட்டு இது தெரியாமலா இருக்கிய?”

எனக்குச் சுருக்கென்றது. டேஷ்போர்டு பெட்டியிலிருந்து வண்டிப் புத்தகத்தை அவரே எடுத்து, வகை போட்டிருந்த பக்கத்தைக் காட்டினார். அதுவரை நான் அதைப் பிரித்ததே இல்லை.

எல்லாவற்றையும் இறக்கி, திரும்பத் திரும்ப அலசி ஊற்ற வேண்டும் என்றார். மணி ஒன்றே முக்கால். அம்மா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். “பஸ்ஸுல போயிரலாமா கண்ணு? நான் ஓரமா நின்னுக்கறேன்” என்றார்.

“சும்மா இரும்மா, அரை மணி நேரத்துல ஆயிரும்” என்று கத்தினேன். என் மேல் எனக்கிருந்த கோபத்தை அம்மா மேல் காட்டினேன். வண்டி கிளம்பும்போது மணி ஐந்து. அதற்குள் மெஷினை மூடியிருப்பார்கள் என்று தெரிந்து திருப்பூருக்கே திரும்பினோம்.

மறுநாள் டாக்டர் அட்டையில் காலியாக இருந்த கட்டத்தில் பேனாவைத் தட்டி, “ஏன் வரல?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, “நேத்து எனக்குத்தானுங்க தலைசுத்தல். பையன் கூப்புட்டான், நான்தான் வரமாட்டேன்னுட்டனுங்க” என்றார்.

“உங்க உடம்பு மேல உங்களுக்கே அக்கறை இல்லையா?” டாக்டர் நன்றாகத் திட்டினார். அம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. விட்ட நாளைக் கடைசியில் சேர்த்து எழுதினார்கள்.

வெள்ளியோடு முடிய வேண்டியது அதனால் திங்கட்கிழமைக்குப் போனது. அன்று கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து அளவு பார்த்தேன். மெக்கானிக் புத்தகத்தைப் பார்த்து ஊற்றியிருந்த கூலன்ட், கடையில் நான் முதலில் தள்ளி வைத்த அதே பச்சை. அம்மா தலையணையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“பச்சையா இருக்குதே கண்ணு, உன்ற ஷேடு இல்லியே?”

அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அன்னைக்கு டாக்டர்கிட்ட நான்தான்னு சொல்லியிருக்கணும்மா” என்றேன்.

“ஏறு, நேரமாச்சு” என்று சொல்லிவிட்டு, அம்மா அன்று முதல்தடவையாக முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.